'பார்ப்பம்' என்றால் 'இல்லை': கொழும்போடு வேலைசெய்ய ஐரோப்பியர்கள் படிக்கும் பாடம்

"இலங்கையர்கள் 'இல்லை' என்று நேராகச் சொல்லமாட்டார்கள்."

இந்த வசனத்தை நான் வாசித்தது ஒரு ஸ்லைடில். நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் மென்பொருளைக் கொழும்பிலிருந்து பரிசோதித்துக் கொடுக்கும் அணியில் நான் வேலைசெய்கிறேன். எங்களோடு புதிதாக வேலை தொடங்கவிருந்த பதினான்கு பேருக்கு அங்கே இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் என்பது பயிற்சியின் தலைப்பு. இரண்டாம் நாள் பிற்பகல் 'கொழும்பிலிருந்து ஒருவர்' கதைத்தால் நல்லது என்று கேட்டார்கள். அன்று வீட்டிலிருந்து வேலைசெய்தவன் நான். ஆகவே வெள்ளவத்தையில் மூன்று பேர் பங்குபோட்டு இருக்கும் அறையில், கரையோர ரயில் போகும்போதெல்லாம் மைக்கை அணைத்துக்கொண்டு, என்னைப்பற்றி வெள்ளைக்காரர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல விடயங்கள் சரியாகத்தான் இருந்தன. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு போயா தினமும் விடுமுறை, ஆகவே வேலைத்திட்டம் போடும்போது கலண்டரைப் பாருங்கள். மேலதிகாரி இருக்கும் இடத்தில் இளையவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். வரலாற்றுக்கு ஒரு ஸ்லைட். அதில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர், 1948, பிறகு '1983–2009 உள்நாட்டு யுத்தம்'. அதற்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு: இந்தப் பேச்சைத் தவிர்க்கவும்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் பிறந்தவன். 2009இல் எனக்குப் பதினாறு வயது. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தபோது கோபம் வந்தது என்று சொல்லமுடியாது. தவிர்க்கவேண்டிய பேச்சுக்குள் என்னுடைய வாழ்க்கையில் அரைவாசி போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது.

இப்படியான பயிற்சிகள் நடக்கின்றன என்பதே எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. வடக்கு, கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் படித்துவிட்டுக் கொழும்புக்கு வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் போய்ச்சேருவது வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வேலைசெய்யும் அலுவலகங்களில்தான். எச்எஸ்பிசி வங்கியின் உலகளாவிய கணக்கு வேலைகளில் ஒரு பங்கு ராஜகிரியவில் நடக்கிறது. மில்லேனியம் ஐரி நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச்சந்தை வாங்கியது. சுவீடனின் ஐஎஃப்எஸ் நிறுவனத்துக்குக் கொழும்பில் பெரிய மென்பொருள் நிலையம் இருக்கிறது. நோர்வே வாடிக்கையாளர்களுக்கு வேலைசெய்து வளர்ந்தது 99எக்ஸ். இந்த வேலைகளுக்காக எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள், கொம்பியூட்டர் படிக்கிறார்கள். மேசைக்கு மறுபக்கத்தில் இருப்பவரும் தங்களைப்பற்றி ஒரு பாடம் படித்துவிட்டு வரலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பாடத்தின் ஊற்று

இந்தத் துறையின் மூலவர்களில் ஒருவர் எட்வர்ட் ஹோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1930களில், இளைஞராக இருந்தபோது, நவஹோ, ஹோபி மக்களின் ஒதுக்கிடங்களில் வேலைசெய்தவர். அந்த மக்களும் அவர்களை நிர்வகித்த வெள்ளை அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் எப்படிப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்பதை அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, வெளிநாடுகளுக்குப் போகும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவகத்தில் 1950களில் சேர்ந்தார். அந்த அனுபவத்தில் 1959இல் வந்த நூல்தான் 'மௌன மொழி' என்று பொருள்படும் தலைப்புடையது. நேரம், இடைவெளி, மௌனம் எல்லாமே பேசுகின்றன என்பது அவர் வாதம். 1976இல் வெளிவந்த இன்னொரு நூலில், சில சமூகங்களில் சொல்லுக்கு வெளியேதான் அதிக அர்த்தம் இருக்கிறது, வேறு சில சமூகங்களில் சொன்னதுதான் அர்த்தம் என்று பிரித்துக் காட்டினார்.

இது எங்களுக்குப் புதினமான விடயம் இல்லை. அம்மா குசினியிலிருந்து "சோறு ஆறுது" என்றால் அது வெப்பநிலை பற்றிய செய்தி அல்ல. வீட்டுக்கு வந்தவரிடம் "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டால், "சீச்சீ, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். நாங்கள் கேத்தலை அடுப்பில் வைப்போம். ஒரு ஒல்லாந்துக்காரர் அந்தப் பதிலை நம்பிக் கேத்தலைத் திரும்ப வைத்துவிடுவார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்திருக்கிறார்கள். வந்தவர் தாகத்தோடு போவார், அவ்வளவுதான்.

ஹோலுக்குப் பிறகு வந்தவர் கேர்ட் ஹொஃப்ஸ்ரீட். இவரும் நெதர்லாந்துக்காரர். ஐபிஎம் நிறுவனத்தின் கிளைகளில் வேலைசெய்தவர்களிடம் 1967க்கும் 1973க்கும் இடையில் நிரப்பப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கொத்துகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் புள்ளி போட்டார். அதிகாரத்தில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம், ஆள் தன்னைத் தனியாள் என்று நினைக்கிறானா கூட்டத்தில் ஒருவன் என்று நினைக்கிறானா, நிச்சயமில்லாத நிலைமையைத் தாங்குவானா என்று இப்படி. 1980இல் அது புத்தகமானது. இன்று ஐரோப்பாவில் பயிற்சி கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் இந்தப் புள்ளிகளையோ, எரின் மேயர் 2014இல் எழுதிய 'பண்பாட்டு வரைபடம்' என்ற நூலின் எட்டு அளவுகோல்களையோ வைத்துத்தான் ஸ்லைட் செய்கிறார்கள்.

1980ஆம் ஆண்டுப் புத்தகத்தில் நாற்பது நாடுகள். அதில் இந்தியா இருக்கிறது, பாகிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. இருந்திருந்தாலும் என்ன? பிரெண்டன் மக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002இல் ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டினார்: பாகிஸ்தான் முழுவதற்குமான முடிவு முதற்சுற்றில் 37 பேரையும் இரண்டாம் சுற்றில் 70 பேரையும் வைத்து எடுக்கப்பட்டது. அவர்கள் எல்லாரும் ஒரே கொம்பனியின் ஊழியர்கள். அவர்களில் யார் பஞ்சாபி, யார் சிந்தி, யார் பலூச்சி என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. ஒரு நாடு என்றால் ஒரு பண்பாடு. இலங்கையில் பிறந்த ஒருவருக்கு இந்தச் சமன்பாட்டில் எங்கே பிழை என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஹோல் தன் கண்ணைத் திறந்துகொண்ட இடம் ஒரு அரசும் அதற்குக் கீழே அடக்கப்பட்ட மக்களும் சந்தித்த இடம். வியாபாரத்துக்காக அந்தப் பாடத்தைச் சுருக்கியவர்கள் பண்பாட்டை வைத்துக்கொண்டு, யார் யாருக்குப் பயந்தார்கள் என்பதை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மியூட் பொத்தானுக்குப் பின்னால்

அந்தப் பயிற்சிக்குக் காரணமாக இருந்த சம்பவம் இதுதான். ஒரு திங்கட்கிழமை. நெதர்லாந்தில் பிற்பகல் இரண்டு மணி, எங்களுக்கு மாலை ஐந்தரை. அங்கேயிருந்த ரீம் லீடர் கேட்டார்: வியாழக்கிழமைக்குள் முடியுமா? எங்கள் மனேஜர் "ஒரு நிமிஷம்" என்று மியூட்டை அழுத்தினார். அறையில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் சிங்களவர்கள். அவர்கள் ஐந்து நிமிடம் சிங்களத்தில் கதைத்தார்கள். பிறகு மியூட்டை எடுத்து, எங்களால் இயன்றதைச் செய்வோம் என்று மனேஜர் ஆங்கிலத்தில் சொன்னார். வியாழக்கிழமை முடியவில்லை. "கொழும்பு ஓம் என்று சொன்னது" என்று அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது.

பயிற்சியாளரின் விளக்கம்: இலங்கையர்களுக்கு 'இல்லை' என்று சொல்ல வராது.

அதில் பாதி உண்மை. தமிழில் நாங்கள் "பார்ப்பம்" என்போம். சிங்களத்தில் "பலமு" என்பார்கள். இரண்டுக்கும் சொல்லுக்குச் சொல் ஒரே அர்த்தம், இரண்டும் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டு "பார்ப்பம்" என்று பதில் வந்தால், சாப்பாட்டுக் கணக்கில் அந்த ஆளைச் சேர்க்கமாட்டோம். மனேஜர் சொன்ன ஆங்கில வசனம் 'பலமு' என்பதன் மொழிபெயர்ப்பு. அந்த அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் அது 'இல்லை' என்று கேட்டது. எழுபது வருடமாக மொழியால் பிரிந்து நிற்கும் இரண்டு சனங்கள், மறுக்கின்ற முறையில் மட்டும் இப்படி ஒற்றுமையாக இருப்பதை நினைத்துச் சிரிப்பு வருகிறது.

மற்றப் பாதி அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிறது. ஒரு பகுதியைப் பரிசோதிக்கத் தேவையான சேர்வர் புதன்கிழமைதான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். நான்தான் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு. ஆனால் சிங்களத்தில் வேகமாகக் கதைத்தால் எனக்கு முழுக்க விளங்காது. சேர்வர் என்ற சொல் இரண்டு தரம் காதில் விழுந்தது. அதைப்பற்றிக் கதைத்துத் தீர்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மியூட் எடுபட்ட பிறகு கமராவில் பதினைந்து முகங்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் ஒரு அரச கரும மொழி என்றது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. தனியார் அலுவலகங்களில் அந்த இணைப்பு கூட்டம் நடக்கும்போது இருக்கும், மியூட் போட்டவுடன் அறுந்துவிடும். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வீட்டு மொழியில் யோசிப்பது மனித இயல்பு. ஆனால் முடிவு எடுக்கப்படுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

சரி, சிங்களம் விளங்கியிருந்தால் கதைத்திருப்பேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் ஒரு தொடர்பாடல் பயிற்சி நடந்திருக்கிறது. 2009இல் மெனிக் பாம் முகாமிலும், பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடியிலும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். பதில் குறுகியதாக இருக்கவேண்டும். "ஓம் சேர்", "இல்லை சேர்", "தெரியாது சேர்". கேட்காத விடயத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அடுத்த கேள்விக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாது. கூட்டமாக நிற்கும்போது முதலில் வாய் திறப்பவனாக இருக்காதே. இதெல்லாம் இரண்டு நாளில் படித்தது இல்லை. இரண்டு நாளில் மறக்கவும் முடியாது.

கொழும்பிலேயே இருந்த தமிழர்களுக்கும் அந்தப் பாடம் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல்செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் பழக்கம் போகவில்லை. யுத்தம் முடிந்து நாலு வருடத்துக்குப் பிறகு நான் கொட்டாஞ்சேனையில் போடிங் எடுத்தபோது, வீட்டுக்கார அன்ரி முதல் நாளே சொன்னார்: "தம்பி, பஸ்ஸில போன் வந்தா எடுக்காதீங்க. எடுத்தா இங்லிஷ்ல ஹலோ சொல்லுங்க."

அந்த அன்ரியின் அறிவுரையும் 'அதிகார இடைவெளி' என்ற தலைப்பின் கீழ்தான் பயிற்சியாளரின் ஸ்லைடில் வரும். கூட்டத்தில் இளையவர்கள் மௌனமாக இருப்பது பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்று அங்கே எழுதியிருந்தது. எங்கள் அணியில் மௌனமாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த காலிப் பிள்ளை. அவருடையது மரியாதையாக இருக்கலாம். மற்றது நான்.

கொட்டாஞ்சேனை அக்கா

எங்கள் அணியின் எட்டுப் பேரில் இரண்டாவது தமிழர் ஒரு அக்கா. ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் தோட்டத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். 1983 ஜூலையில் குடும்பம் பக்கத்துச் சிங்கள வீட்டுக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்ததாம், அக்கா பிறக்கமுதல். அவருக்கு மூன்று மொழியும் தண்ணீர். மனேஜரோடு சிங்களத்தில் பகிடி விடுவார், நெதர்லாந்தோடு ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பார், என்னுடைய தமிழைக் கேட்டால் சிரிப்பார். "என்ன தம்பி பேசுறீங்க, எனக்கே பாதி விளங்கல."

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்ததும் அவர்தான் கேட்டார்: "ஏன் தம்பி பேசாம இருந்தீங்க? சேர்வர் மேட்டர் உங்களுக்குத்தானே தெரியும்."

"நீங்கள் எல்லாரும் அதைப்பற்றிக் கதைச்சு முடிச்சிட்டீங்கள் எண்டு நினைச்சன் அக்கா."

"அய்யோ, அவங்க பேசினது பழைய சேர்வர பத்தி."

அதற்குப் பிறகு மியூட் போட்டால் அவர் எனக்கு செற்றில் இரண்டு வரி எழுதி அனுப்புவார். என்ன கதைக்கிறார்கள், எது முடிவாகிறது என்று. அவருடைய வேலை ஒப்பந்தத்தில் இந்த வேலை இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. சுவிற்சர்லாந்தில் இதே வேலைக்குப் பெயர் இருக்கிறது: பண்பாடுகளுக்கிடையிலான மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஆட்களில் பலர் அங்கே ஆஸ்பத்திரிகளிலும், பாடசாலைப் பெற்றோர் சந்திப்புகளிலும் அந்த வேலையைச் செய்கிறார்கள். அதற்கென்று தகைமைச் சான்றிதழ்கூட இருக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டும் மாற்றமாட்டார். டொக்டர் "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு, எங்கள் அம்மா "நீங்க சொன்னாச் சரி ஐயா" என்று சொன்னால், அது சம்மதம் இல்லை, இன்னொரு தரம் விளக்கவேண்டும் என்று டொக்டருக்குச் சொல்வார்.

புலம்பெயர்ந்தவர்களைப்பற்றி நினைக்கும்போது இன்னொரு கணக்கும் வருகிறது. 2005 தொடக்கம் ஜேர்மனியில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது. இப்போது வழமையாக 600 மணித்தியாலம் மொழி, அதற்குமேல் 100 மணித்தியாலம் நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை. என்னுடைய மச்சாள் ஒருவர் கைக்குழந்தையோடு அதைப் படித்து முடித்தார். எங்களை விளங்கிக்கொள்ள ஐரோப்பிய அணி ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது இரண்டு நாள், இடையில் மத்தியானச் சாப்பாடு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு நாளாவது ஒதுக்கினார்களே என்று சொல்பவர்களும் உண்டு. கொழும்பில் ஒரே அறையில் இருக்கும் எட்டுப் பேருக்கு அந்த இரண்டு நாள்கூட யாரும் ஒதுக்கவில்லை.

பெயர்

பயிற்சியில் நான் கதைத்த நாற்பது நிமிடத்தில் அவர்களுக்கு மிகவும் பயன்பட்டது பெயர் விடயம் என்று பிறகு சொன்னார்கள். அது அவர்களுடைய ஸ்லைடில் இருக்கவில்லை.

எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. ஐரோப்பியப் படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம். நிரப்புகிறவர் அடையாள அட்டையைப் பார்த்து இருக்கிற வரிசையில் அடித்துவிடுவார். அப்பாவின் பெயர் முதற்பெயராகிவிடும். பிறகு மின்னஞ்சல் முகவரி, அழைப்புத் திரை, சம்பளத் துண்டு எல்லாவற்றிலும் அதுதான். ஒல்லாந்துக்காரர்கள் சினேகிதமாக முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே இரண்டு வருடமாக ஒவ்வொரு காலையும் என்னை என் அப்பாவின் பெயரால் கூப்பிட்டு வணக்கம் சொன்னார்கள்.

2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர் அது. படிவங்களில் எழுதுவோம். காணாமல்போனோர் அலுவலகத்தின் படிவத்திலும் எழுதினோம். வாயால் சொல்வதில்லை. ஒருமுறை அம்மா கொழும்புக்குக் கிளினிக்குக்கு வந்து என் அறையில் தங்கியிருந்தபோது, நான் காலைக் கூட்டத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் அந்தப் பெயர் கேட்டது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவர், எழும்பி வந்து கதவடியில் நின்று, "ஆரடா அப்பாவைக் கூப்பிடுறது?" என்று கேட்டார்.

ஏன் முதல் நாளே திருத்தவில்லை என்று கேட்பீர்கள். ஓம் சேர், இல்லை சேர், தெரியாது சேர். அதுதான் காரணம். பிழையாகக் கூப்பிட்டாலும் பிரச்சினை இல்லாமல் போனால் போதும்.

பயிற்சியில் இதைச் சொன்னபோது வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. இது என் தகப்பனாரின் பெயர், என் பெயர் இரண்டாவது என்று மட்டும் சொன்னேன். ரீம் லீடர் அங்கேயே குறித்துக்கொண்டார். மறுநாள் அழைப்புத் திரையில் பெயர் மாறியிருந்தது. மின்னஞ்சல் முகவரியை மாற்ற ஐரி பிரிவால் இன்னும் முடியவில்லை. இதை வாசிக்கும் பிள்ளைகள் வேலைக்குச் சேரும்போது அந்த இரண்டு கட்டத்தையும் தாங்களே நிரப்பிவிடுவது நல்லது. பிறகு திருத்துவது பெரிய அலுப்பு.

வேறும் சில மாற்றங்கள் வந்தன. "முடியுமா?" என்று கேட்காமல் "இன்னும் என்ன மிச்சம் இருக்கு, எது தடையாக இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இது அந்தப் பயிற்சியில் கிடைத்த நல்ல பலன், அதை ஒத்துக்கொள்ளவேண்டும். 'முடியுமா' என்ற கேள்விக்கு எங்கள் ஆட்களிடமிருந்து ஒரு பதில்தான் வரும். 'எது தடை' என்று கேட்டால் சேர்வர் புதன்கிழமைதான் வரும் என்று சொல்லலாம். அதில் யாரையும் மறுக்கவேண்டியதில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதிப் போடவேண்டும் என்றும் ஒரு ஏற்பாடு வந்தது. கதைக்கத் தயங்குபவன் எழுதுவான். மியூட் விடயத்தை நாங்கள் அக்காவோடு சேர்ந்து மனேஜரிடம் கதைத்தோம். அவர் முகம் சிவந்தது. "நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. இப்போது மியூட்டை எடுக்கமுதல் என்ன முடிவு என்று ஆங்கிலத்தில் ஒரு தரம் சொல்கிறார். மறந்துபோகும் நாட்களும் உண்டு.

எங்கள் பக்கத்திலும் கொஞ்சம் பழகவேண்டியிருந்தது. ஒல்லாந்துக்காரர் "இது பிழை" என்று சொன்னால் அந்த வேலை பிழை, அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது வேலை போய்விட்டது என்று நினைத்து இரவு முழுக்க நித்திரை இல்லை. ஆங்கிலேயர் எதிர்மாறு. 'கெட்டதில்லை' என்று சொன்னால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், 'சுவாரசியமான யோசனை' என்று சொன்னால் அநேகமாக அது குப்பைக்குத்தான் போகும். அவர்களும் ஒரு வகையில் 'பார்ப்பம்' சொல்கிற சாதிதான். "வியாழன் ஏலாது, வெள்ளி பின்னேரம் தரலாம்" என்று சொல்ல எனக்கு ஒரு வருடம் எடுத்தது. இன்றைக்கும் சொல்லமுதல் தொண்டையைச் செருமவேண்டியிருக்கிறது.

சிவப்பு எழுத்து ஸ்லைட் அப்படியேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். போன மே மாதம் 18ஆம் திகதிக்கு லீவு கேட்டேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விடயம்' என்று வழக்கம்போல எழுதினேன். ரீம் லீடர் தனியாக அழைத்து, ஏதாவது பிரச்சினையா, கேட்கலாமா என்று கேட்டார். பயிற்சியில் தவிர்க்கச் சொன்னதைத்தான் கேட்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நான் ஒரு பத்து நிமிடம் சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் கதைக்கவில்லை. கடைசியில், அடுத்த வருடம் அந்தத் திகதியைத் தான் கலண்டரில் குறித்துவைக்கலாமா, அல்லது அது எனக்கு அசௌகரியமாக இருக்குமா என்று கேட்டார்.

"பார்ப்பம்" என்று வாய்வரை வந்தது. குறித்துவையுங்கள் என்று சொன்னேன்.